ஏரிக்கரைக் கல்லூரியில் ஒரு கோடை

1948ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த வட கரோலினா மாநிலத்தில், ஈடன் ஏரி என்னும் சிறிய ஏரியின் கரையில் இருந்த ஒரு கல்லூரியின் உணவுக்கூடத்தில் நாடகம் ஒன்று அரங்கேறியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி 1913இல் எழுதிய 'மெடூசாவின் சூழ்ச்சி' என்னும் ஓரங்க நகைச்சுவை நாடகம் அது. பிரபுவாக வேடம் புனைந்தவர் ஐம்பத்து மூன்று வயதான பக்மின்ஸ்டர் ஃபுல்லர்; கட்டடக் கலையைப் பற்றிப் புதுமையான கனவுகள் பல கண்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றில் தோல்வியையே சந்தித்திருந்தவர். பிரபுவின் மகளாக நடித்தவர் எலேன் டி கூனிங் என்ற இளம் ஓவியர். மேடைக் காட்சிகளை அவரும் அவர் கணவர் வில்லெம் டி கூனிங்கும் அமைத்துத் தந்தனர். விலையுயர்ந்த பொம்மைக் குரங்காக வந்து ஆடியவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். பியானோவின் முன் அமர்ந்திருந்தவர் ஜான் கேஜ். நாடகத்தை இயக்கிய இருவருள் ஒருவர் போர்ப்பணி முடித்துத் திரும்பி அங்கே மாணவராகச் சேர்ந்திருந்த ஆர்தர் பென்.

இருபதாம் நூற்றாண்டின் ஓவியம், இசை, நடனம், கட்டடக் கலை, திரைப்படம் ஆகிய துறைகளின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பெயர்களுள் ஒன்றையும் விட்டுவிட முடியாது. ஆயினும் அன்றைய நிலையில் அவர்களுள் எவரும் செல்வமோ பெருஞ்செல்வாக்கோ பெற்றவர் அல்லர். நாற்பத்து நான்கு வயதான வில்லெம் டி கூனிங், தம் படங்களை மட்டும் கொண்ட முதல் கண்காட்சியை அந்த ஆண்டின் வசந்தத்தில்தான் நியூயார்க்கில் நடத்தினார். அதில் படங்கள் விலைபோகவில்லை. இத்தகையோர் ஒரே கோடையில், ஒரே உணவுக்கூடத்தில் எப்படி ஒன்றுகூடினர்? அக்கோடையில் அங்கே எழுந்த இசைப் பூசல் எத்தகையது? அதனால் எவருடைய நெஞ்சம் புண்பட்டது? இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

கல்லூரியின் பெயர் பிளாக் மவுண்டன். கருமலை என்று பொருள்படும் அப்பெயர், அருகிலிருந்த சிற்றூரின் பெயரே. இக்கல்லூரி பிறந்ததே ஒரு பூசலின் விளைவாகத்தான். ஃபுளோரிடா மாநிலத்து ரோலின்ஸ் கல்லூரியில் கிரேக்க இலத்தீன் இலக்கியங்கள் கற்பித்து வந்த ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்பார், கல்லூரித் தலைவரோடு முரண்பட்டு 1933இல் பணி நீக்கம் செய்யப்பட்டார். நாவடக்கம் இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர். அந்தப் பெயர் முற்றிலும் பொய்யென்று சொல்வதற்கில்லை. அவருடன் வெளியேறிய சில ஆசிரியர்களும் இருபது பேரளவிலான மாணவர்களும் சேர்ந்து, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், மலைச்சரிவில் வாடகைக்குக் கிடைத்த கிறித்தவ இளைஞர் சங்கக் கட்டடங்களில் புதிய கல்லூரியைத் தொடங்கினர். உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த வேளையில், நிரந்தர முதலீடு ஏதுமின்றிக் கல்லூரி தொடங்கத் துணிந்தவர்களைப் பித்தர்கள் என்று அக்கம்பக்கத்தார் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அக்கல்லூரியின் ஒழுங்குமுறை நமக்கு விந்தையாகத் தோன்றும். வெளியிலிருந்து ஆளும் குழு எதுவும் இல்லை. ஆசிரியர்களே கல்லூரிக்கு உரிமையாளர்கள். ஆட்சிக்குழுவில் மாணவருக்கும் இடம் உண்டு. இன்ன பாடத்தை எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூடத்தில் உண்டு, அடுப்படியிலும் வயலிலும் கட்டட வேலையிலும் ஒன்றாகப் பாடுபட்டனர். 1941இல் ஈடன் ஏரிக்கரையில் சொந்த இடத்திற்குக் குடிபெயர்ந்தபோது, வகுப்புகளுக்கான பெரிய கட்டடத்தை மாணவரும் ஆசிரியரும் தம் கைகளாலேயே எழுப்பினர். புகழ்பெற்ற வால்டர் குரோப்பியஸ் வரைந்து தந்த திட்டம் இருந்தது. அதை நிறைவேற்றப் பணம் இல்லாமையால் எளிய வரைபடம் ஒன்றை வேறொருவரிடம் பெற்றுக்கொண்டார்கள். ஆசிரியருக்குக் கிடைத்தது உணவு, உறைவிடம், அவற்றோடு ஒரு சிறு தொகை. பணமில்லாமை அக்கல்லூரியின் பிறவி நோய். அதன் நன்மையும் தீமையும் அந்த நோயோடு பின்னிக் கிடந்தன.

கல்லூரி பிறந்த அதே 1933இல்தான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். பவுஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளி நாஜிகளின் நெருக்கடியால் மூடப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த யோசெஃப் ஆல்பர்ஸும், யூதக் குடும்பத்தில் பிறந்த நெசவுக் கலைஞரான அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸும் அவ்வாண்டு நவம்பரில் கருமலைக்கு வந்து சேர்ந்தனர். ஆல்பர்ஸுக்கு அப்போது ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாது. கண்களைத் திறக்கச் செய்வதே தம் பணி என்று அரைகுறை மொழியில் அவர் சொன்னதை மாணவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. அவரைத் தொடர்ந்து, நாடிழந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்தனர். கணித மேதை மக்ஸ் டேன் நாஜிகளால் பதவியிழந்து, 1938இல் கைது செய்யப்பட்டு, பின் நார்வே, சைபீரியா, ஜப்பான் எனப் பாதி உலகைச் சுற்றி அமெரிக்காவை அடைந்தவர். பெரும் பல்கலைக்கழகங்களில் நிலையான இடம் கிடைக்காமல் 1945இல் இங்கு வந்து, 1952இல் மறைந்து, இந்தக் காட்டிலேயே அடக்கமானார்.

நம் பொருளுக்கு இன்றியமையாதவர் ஹைன்ரிஷ் யாலோவெட்ஸ். 1882இல் பிறந்த இவர், இருபதாம் நூற்றாண்டு இசையின் போக்கையே திருப்பிய ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் முதல் மாணவர் குழுவைச் சேர்ந்தவர். அன்டன் வெபர்ன், ஆல்பன் பெர்க் ஆகியோரோடு வியன்னாவில் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர். கொலோன் நகரின் இசைநாடக அரங்கில் நடத்துநராக விளங்கியவர், யூதர் என்ற காரணத்தால் 1933இல் வெளியேற்றப்பட்டார். 1939இல் மனைவி யோஹானாவுடன் கருமலைக்கு வந்தார். ஐரோப்பாவின் பெருநகர்களில் பெரும் வாத்தியக் குழுக்களை நடத்திய மனிதர், இங்கே இசையறியாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். யோஹானா குரல் பயிற்சியும் புத்தகக் கட்டுமானமும் கற்பித்தார். 1946இல் யாலோவெட்ஸ் காலமானபோது கல்லூரி நிலத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். யோஹானா அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

ஷோன்பெர்க்கின் எழுபதாம் பிறந்த ஆண்டைக் கொண்டாட 1944இல் கல்லூரி ஒரு கோடை இசைப் பள்ளியை நடத்தியது. நாடிழந்த இசைவாணர்கள் பலர் வந்தனர். வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ், பியானோ கலைஞர் எடுவார்ட் ஸ்டாயர்மன் போன்றோரைப் பெருநகர் அரங்குகளில் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டியவர்கள், ஏரிக்கரையில் அன்றாடம் கேட்டனர். அதனினும் பெரிய செய்தி ஒன்று அவ்வாண்டு நிகழ்ந்தது. வெள்ளையரும் கருப்பரும் ஒரே வகுப்பில் கற்பதைத் தென்மாநிலங்களின் சட்டமும் வழக்கமும் தடுத்திருந்த காலம் அது. ஆசிரியர்களிடையே நீண்ட, கசப்பான விவாதத்திற்குப் பின், ஆல்மா ஸ்டோன் என்னும் கருப்பினப் பெண் இசை மாணவியை அக்கோடைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டனர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. அடுத்த கோடையில் ரோலண்ட் ஹேய்ஸ் வந்து பாடினார். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகனாக ஜார்ஜியாவில் பிறந்து, ஐரோப்பிய அரங்குகளில் போற்றப்பட்ட பாடகர் அவர். 1942இல் சொந்த மாநிலத்தில் ஒரு செருப்புக் கடையில் மனைவியும் மகளும் எங்கே அமர்ந்தார்கள் என்ற சச்சரவின் விளைவாகக் காவலரின் அடியைத் தாங்கியவர். அவருடைய கச்சேரிக்குக் கருமலையில் வெள்ளையரும் கருப்பரும் கலந்தே அமர்ந்தனர். யார் எங்கே அமர்வது என்னும் கேள்விக்கு அக்காலத் தென்னாட்டில் எத்தனை கனம் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்த மாலையின் பொருள் விளங்கும்.

இனி ஜான் கேஜிடம் வருவோம். 1912இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த இவரும் ஷோன்பெர்க்கின் மாணவரே. நாடு கடந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய அந்த ஆசிரியரிடம், கட்டணம் கட்ட வசதியில்லாத இளைஞராகச் சென்றார் கேஜ். வாழ்நாள் முழுவதையும் இசைக்கே கொடுப்பாயா என்று கேட்டு, ஆம் என்ற விடையைப் பெற்றுக்கொண்டு, ஷோன்பெர்க் இலவசமாகக் கற்பித்தார். ஆனால் சுர இசைவு என்று நாம் சொல்லக்கூடிய ஹார்மனியில் கேஜுக்குக் காது இல்லை. அந்தக் குறை ஒரு சுவராக நின்று உன் வழியை மறிக்கும் என்று ஆசிரியர் எச்சரித்தபோது, அப்படியானால் அந்தச் சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டு வாழ்வேன் என்று மாணவர் சொன்னதாகக் கேஜே பின்னாளில் கூறுவார்.

சுவரை முட்டியவர் சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். முன்பொரு நடனத்திற்கு இசை அமைக்க வேண்டியிருந்தபோது, தாளவாத்தியக் குழுவை வைக்க மேடையில் இடம் இல்லை. ஒரு பியானோவுக்கே இடமிருந்தது. பியானோவின் தந்திகளுக்கு இடையே திருகாணி, மரையாணி, ரப்பர்த் துண்டு முதலியவற்றைச் செருகி, ஒற்றைப் பியானோவையே ஒரு தாளவாத்தியக் குழுவாக ஒலிக்கச் செய்தார். இம்முறையில் 1946 முதல் 1948 வரை உழைத்து அவர் முடித்த பெரிய படைப்பில் பதினாறு சொனாட்டாக்களும் நான்கு இடைப்பகுதிகளும் உண்டு. நம்மவர்க்கு அதில் ஓர் உறவும் உண்டு. வீரம், சிருங்காரம், ஹாஸ்யம், பயம் முதலாகச் சாந்தம் ஈறாக எண்ணப்படும் நவரசங்களை ஒலியில் காட்டுவதே அப்படைப்பின் நோக்கம். அந்த இரசக் கொள்கையைக் கேஜ் கற்றது ஆனந்த குமாரசுவாமியின் நூல்களிலிருந்து. 1877இல் கொழும்பில், ஈழத்துத் தமிழரான முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாகப் பிறந்து, பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947இல் மறைந்த கலையறிஞர் அவர். தாளத்தைப் பற்றியும் இசையின் நோக்கத்தைப் பற்றியும் கேஜ் கேட்டறிந்தது ஆமதாபாத்தின் கீதா சாராபாயிடம். 1946இல் நியூயார்க் வந்த அப்பெண்மணி மேனாட்டு இசையை இவரிடம் கற்றார். இவர் இந்திய இசையை அவரிடம் கற்றார். கட்டணம் எதையும் ஒருவர்க்கொருவர் கொடுக்கவில்லை.

1948 வசந்தத்தில் கேஜும் கன்னிங்ஹாமும் நாட்டைச் சுற்றிவந்து நிகழ்ச்சிகள் நடத்தினர். கருமலைக் கல்லூரி, தங்க இடமும் உணவும் தருவதாகவும் பணம் தர இயலாது என்றும் சொல்லி அழைத்தது. வந்தார்கள், கன்னிங்ஹாம் ஆடினார், கேஜ் தம் புதிய படைப்பை வாசித்துக் காட்டினார். வந்த நாளில் நிறுத்திய மோட்டார் வண்டி அசையாமல் அங்கேயே நின்றது. புறப்படும் நாளில் வண்டியைப் பின்னுக்கு நகர்த்தியபோது, அதனடியில் ஒரு குவியல் காணப்பட்டது. ஓவியங்கள், வரைபடங்கள், தின்பண்டங்கள். காசுக்கு மாற்றாக மாணவர்கள் வைத்துவிட்டுப் போன அன்பளிப்புகள். அந்தக் கோடைக்கு இருவரையும் ஆசிரியர்களாக வருமாறு ஆல்பர்ஸ் அழைத்தார்.

கோடையில் கேஜ் ஏற்றுக்கொண்ட பணி, சாட்டியின் இசையை அறிமுகம் செய்வது. 1866இல் பிறந்து 1925இல் மறைந்த சாட்டி, தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் கோமாளி என்றே கருதப்பட்டவர். அவர் ஆக்கங்கள் சிறியவை, ஆரவாரம் இல்லாதவை, பல இடங்களில் கிண்டல் கலந்தவை. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் வீதம் இருபத்தைந்து கச்சேரிகள். சில உணவுக்கூடத்தில் நடந்தன. சிலவற்றுக்குக் கேஜ் தம் குடிலில் இருந்த பியானோவை வாசிக்க, கேட்போர் வெளியே புல்தரையில் அமர்ந்து திறந்த சன்னல் வழியே கேட்டனர். இசையைக் கேட்க இதைவிட நல்ல முறை இருக்குமா என்பது எனக்கு ஐயமே. கேட்பவருக்கு இந்த இசை புதிது, ஆகையால் சில சொற்கள் சொல்லி விளக்கிவிட்டு வாசிக்கலாமே என்று ஆல்பர்ஸ் கேட்டுக்கொண்டார். கேஜும் இசைந்தார். அந்த விளக்கவுரைகளுள் ஒன்றிலேதான் நெருப்புப் பற்றியது.

கேஜ் முன்வைத்த வாதம் இது. ஓசைக்கு உயரம், பலம், நிறம், கால அளவு என நான்கு பண்புகள் உண்டு. ஓசையின்மையாகிய மௌனத்திற்கோ கால அளவு ஒன்றே உண்டு. ஓசையும் மௌனமும் கலந்ததே இசையாதலால், இரண்டுக்கும் பொதுவான கால அளவின்மேல்தான் இசையின் கட்டமைப்பு எழும்ப வேண்டும். பீத்தோவனோ அதனைச் சுர இசைவின்மேல் எழுப்பினார். அது பிழை, அந்தப் பிழையைப் பின்பற்றியே ஒரு நூற்றாண்டு இசை வழிதவறிப் போயிற்று. நேர்வழியைக் கண்டவர்கள் சாட்டியும் வெபர்னும் ஆகிய இருவர். இந்தியர்கள் இக்கட்டமைப்பைத் தாளம் என்ற பெயரால் என்றோ அறிந்திருக்க, நம் நாட்டில் மட்டும் அது புதுக் கருத்தாகத் தோன்றுகிறது என்றும் அவ்வுரையிலே அவர் வருத்தப்பட்டுக்கொண்டார்.

தாளம் போட்டுப் பழகிய நாட்டில் பிறந்த நமக்கு இதன் முற்பாதி எளிதில் விளங்கும். ஓசை ஓய்ந்த இடத்திலும் கையின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நாகசுரக் கச்சேரிக்குப் போன சிறுவனும் அறிவான். ஆனால் அந்த உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். வீடு, தோட்டம், நூலகம், பதவி, சுற்றத்தார் எல்லாவற்றையும் இழந்து கடல் கடந்து வந்தவர்கள் அவர்களிடையே இருந்தனர். எல்லைக்காவலன் பெட்டியைத் திறந்து பார்த்துப் பறிக்க முடியாத உடைமை ஒன்றே அவர்களிடம் எஞ்சியிருந்தது. நெஞ்சில் சுமந்து வந்த இசை. பீத்தோவன் எங்கள் இனத்தின் சொத்து என்று நாஜிகள் தங்கள் விழாக்களிலெல்லாம் முழக்கியபோது, அவர் உங்களவர் அல்லர், எங்களவர், மனிதகுலத்தவர் என்று மனத்துக்குள் மறுத்து நின்றவர்கள் அவர்கள். போர்க்காலத்தில் லண்டன் வானொலி, வெற்றியைக் குறிக்கும் எழுத்தைத் தந்திக் குறியீட்டில் முரசொலியாக ஐரோப்பாவெங்கும் ஒலிபரப்பியது. மூன்று குற்றொலி, ஒரு நெட்டொலி. அது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தோடு ஒத்திருந்ததைக் கேட்ட எவரும் கண்டுகொண்டனர். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது அடைக்கலம் தந்த நாட்டில், தம் கல்லூரியின் கூடத்திலேயே, முப்பத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எழுந்து, நீங்கள் சுமந்து வந்தது ஒரு பிழை என்கிறார்.

கல்லூரி இரண்டுபட்டது. ஜெர்மன் மரபில் ஊறியவர்கள் கொதித்தனர். மாணவர்களிலும் கட்சி பிரிந்தது. நாட்கணக்கில் உணவு மேசைகளில் இதே பேச்சாயிற்று. ஆல்பர்ஸ் தாமே நாடிழந்து வந்தவர். அவர் கேட்டுக்கொண்டதால்தான் கேஜ் பேசவே தொடங்கினார். ஆயினும் கச்சேரிகள் நிறுத்தப்படவில்லை.

இதில் ஒரு வரலாற்று முரண்சுவை உண்டு. தாக்கியவர் ஷோன்பெர்க்கின் மாணவர். யாலோவெட்ஸ் வளர்த்த கூடத்தில், ஷோன்பெர்க்கின் சீடர்கள் நான்காண்டுகளுக்கு முன் விழா எடுத்த இடத்தில், அதே ஆசிரியரின் மாணவரே வந்து அவர்கள் மரபின் தலைவாயிலை இடித்தார். மீட்பர் என்று அவர் காட்டிய இருவருள் ஒருவராகிய வெபர்னோ யாலோவெட்ஸின் இளமைத் தோழர். வெபர்ன் 1945 செப்டம்பரில், போர் ஓய்ந்தபின், ஆஸ்திரியாவில் ஓர் அமெரிக்கப் படைவீரன் சுட்ட குண்டுக்குத் தவறுதலாக இரையானார். ஆக, இரு கட்சியினரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குடும்பச் சண்டைக்கே உரிய கடுமை அதில் இருந்தது.

கேஜின் பக்கம் நியாயம் இல்லையா என்றால், உண்டு. பெரியோரைப் பணிந்தே எழுதவேண்டும் என்றிருந்தால் பீத்தோவனே பிறந்திருக்க மாட்டார். கேஜ் தம் வழியைக் காண்பதற்கு அந்தப் பெருமலையை ஒருமுறை மறுத்தே ஆகவேண்டியிருந்தது போலும். எனினும் மறுப்பவன் யார் முன்னிலையில் மறுக்கிறான் என்பதையும் வரலாறு எழுதுவோர் பார்க்க வேண்டும். கேஜின் பெருமை பேசும் நூல்கள் பலவற்றில் அந்தக் கோடையின் ஜெர்மானியர்கள் புதுமை அறியாத பழம்பஞ்சாங்கங்களாக ஒரு வரியில் வந்து மறைகிறார்கள். அது முறையன்று என்பது என் கருத்து. அவர்களும் ஒரு காலத்தில் புதுமைக்காகவே கல்லடி பட்டவர்கள்.

பூசல் முற்றியிருந்த அக்கோடையிலேயே நாடக ஏற்பாடும் நடந்தது. சாட்டியின் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கல்லூரியில் இலக்கியம் கற்பித்த எம். சி. ரிச்சர்ட்ஸ் என்னும் பெண்மணி. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகளை மணக்க வரும் இளைஞனைப் பிரபு அர்த்தமற்ற கேள்விகளால் சோதிக்கிறார். வேலைக்காரன் எசமானனை மதிப்பதேயில்லை. இடையிடையே பொம்மைக் குரங்கு காரணமின்றி எழுந்து ஆடிவிட்டு அமர்கிறது. குரங்கின் ஆட்டத்துக்கென ஏழு மிகச் சிறிய இசைத்துண்டுகள் உண்டு. பாரிஸில் ஒரு வீட்டில் இந்நாடகம் முதன்முதலாக நடந்தபோது, விசித்திர ஒலி வேண்டிச் சாட்டி பியானோத் தந்திகளுக்கிடையே காகிதத் தாள்களைச் செருகினாராம். திருகாணி செருகிய கேஜுக்கு இப்படியொரு முன்னோர் வாய்த்தது தற்செயலே.

மேடைப் பொருள்கள் வாங்கப் பணமில்லை. ராட்டர்டாமில் இளமையில் அலங்கார வண்ணவேலை பயின்றிருந்த வில்லெம் டி கூனிங், அழகற்ற ஒரு பெரிய பழைய மேசையை எடுத்து, வண்ணம் பூசி, இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த சலவைக்கல் போலாக்கிவிட்டார்.

சிக்கல் ஃபுல்லரிடம் இருந்தது. வரவேண்டிய வேறொரு கட்டடக் கலைஞர் வர இயலாமையால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் அவர். மாதிரி உருவங்கள் நிறைந்த வண்டியோடு வந்து, மணிக்கணக்கில் பேசிக் கல்லூரி முழுவதையும் மயக்கினார். முக்கோணங்களைப் பின்னி, தூண் இல்லாமல் நிற்கும் வட்டக் கூரை ஒன்றை எழுப்பலாம் என்பது அவர் கண்ட கனவு. சன்னல் மறைப்புக்குப் பயன்படும் மெல்லிய உலோகப் பட்டைகளைக் கொண்டு நாற்பத்தெட்டு அடி விட்டமுள்ள கூரையை மாணவர்களோடு சேர்ந்து அமைத்தார். எல்லாரும் கூடி நின்று பார்க்க, பட்டைகள் இணைக்கப்பட்டன, கூரை எழவில்லை. தரையில் துவண்டு கிடந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஃபுல்லர் முகம் வாடவில்லை. தோல்வி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் வெற்றியின் எல்லை தெரியும் என்பது போல விளக்கம் சொன்னார். படுத்த கூரை என்று அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று.

ஆயிரம் பேர் முன் தம் கருத்தைப் பேசத் தயங்காத இம்மனிதர், மேடையில் வேறொருவராக நடிக்கச் சொன்னதும் நடுங்கினார். கோமாளியாகத் தோன்றுவோமே என்ற அச்சம். நாடகத்தை இயக்கிய இருபத்தைந்து வயது ஆர்தர் பென், அவரைத் தரையில் உருளச் சொன்னார். காரணமின்றிச் சிரிக்கச் சொன்னார். தாமும் கூடவே உருண்டார். சிறுபிள்ளை விளையாட்டுகளால் கூச்சம் கழன்றது. அரங்கேற்ற நாளில் ஃபுல்லரே நாடகத்தின் உயிராக நின்றார். கேலிக்கு அஞ்சாமல் நிற்கும் துணிவை அந்த நாடகத்தில்தான் கற்றேன் என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்ததுண்டு. அடுத்த கோடையில் மீண்டும் வந்தார். சிறியதொரு கூரையை எழுப்பினார். மாணவர்கள் அதைப் பற்றித் தொங்கியும் அது நின்றது. 1967இல் மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் அமெரிக்க அரங்காக எழுந்து உலகை வியக்க வைத்த பெருங்கோளம் அந்தக் கூரையின் வாரிசு. ஆர்தர் பென் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரானது பலரும் அறிந்ததே.

பார்த்தோர் வரிசையில் இருந்த மாணவர் தலைமுறையையும் ஒரு சொல்லால் குறிக்க வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டிருந்த ரூத் அசாவா, 1946 முதல் இங்கே மாணவி. கம்பியைப் பின்னி அவர் செய்த சிற்பங்களை அருங்காட்சியகங்கள் இன்று போற்றிக் காக்கின்றன. நாடிழந்த ஆசிரியரும் நாட்டிலேயே சிறைப்பட்ட மாணவியும் ஒரே கூடத்தில் உண்டனர்.

1949இல் உட்பூசல்களால் ஆல்பர்ஸ் தம்பதியர் வெளியேறினர். கவிஞர் சார்லஸ் ஓல்சன் தலைமையில் கல்லூரி மேலும் சில ஆண்டுகள் தள்ளாடியது. 1953 கோடையில் கன்னிங்ஹாமின் நடனக் குழு இங்கேதான் உருவெடுத்தது. ஆனால் மாணவர் தொகை குறைந்தது, கடன் வளர்ந்தது, நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. 1957இல் கதவு மூடப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகளில் அங்கே பயின்றவர் மொத்தம் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர். ஏரிக்கரை பின்னர்ச் சிறுவர்களுக்கான கோடை முகாமாயிற்று.

1952 கோடையில் அந்த உணவுக்கூடத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். கேஜ் மீண்டும் வந்திருந்தார். கூடத்தின் நடுவை நோக்கி நான்கு முக்கோணங்களாக நாற்காலிகளைப் போட்டார், இடையே நடைபாதைகள். ராபர்ட் ரவுஷன்பெர்க் என்ற மாணவர் தீட்டிய வெறும் வெள்ளைப் படங்கள் தலைக்குமேல் தொங்கின. ஒருவர் ஏணிமேல் நின்று படித்தார். ஒருவர் பியானோ வாசித்தார். பழைய இசைத்தட்டு ஒன்று சுழன்றது. கன்னிங்ஹாம் நடைபாதைகளில் ஆடிவர, ஒரு நாய் அவர் பின்னே ஓடியது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடந்தன. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு வெறுங்கோப்பை வைக்கப்பட்டிருந்தது. எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

நல்ல இடம் பிடிக்க வேண்டி முதல் ஆளாக வந்தவர் யோஹானா யாலோவெட்ஸ் அம்மையார். கணவரின் கல்லறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. எந்த இருக்கை சிறந்தது என்று அவர் கேஜைக் கேட்டார். எல்லா இருக்கைகளும் ஒன்றுபோலவே நல்லவை என்றார் கேஜ். அம்மையார் ஒன்றில் அமர்ந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் காப்பிப் பாத்திரங்களோடு வந்து ஒவ்வொரு கோப்பையிலும் ஊற்றிக்கொண்டே போனார்கள். அதற்குள் சிலர் தம் கோப்பையில் சிகரெட்டுச் சாம்பலைத் தட்டியிருந்தனர். அவற்றிலும் காப்பி ஊற்றப்பட்டது.